ஒன்பதாவது கை

சட்பரியில் பழைய கர்லிங் அரங்கை வாங்கி
நாலு பேருக்கு அருங்காட்சியகம் கட்டுகிறோம்.
பேப்பர் மூஸ்.
பெயரைச் சொன்னால் போதும், இந்த ஊரில்
பெட்ரோல் பங்குக்காரர்கூட
இரண்டு வரி முணுமுணுத்துவிட்டுத்தான்
சில்லறை தருவார்.

அவர்கள் பாட்டு ஒன்றுகூடத் தெரியாதென்று
நேர்காணலில் சொன்னேன்.
அதற்காகவே எடுத்துக்கொண்டாள் ஜினெட்.
எங்களுக்கு அழாத ஒருத்தி வேண்டும் என்றாள்.

என் வேலை கேட்பதல்ல, அளப்பது.
லோரேனின் வெள்ளிச் சட்டை:
தோள் முப்பத்தெட்டு சென்டிமீட்டர்,
அக்குளில் மஞ்சள் கறை, துவைக்கக் கூடாது.
கிளிஃபின் டிரம் குச்சி: ஒன்று மட்டும்,
பல் பதிந்த தடம் மூன்று.
மென்ற சுயிங்கம்: ஒன்று, உறையில்.
யார் மென்றது என்று கேட்டேன்.
கொண்டுவந்த அம்மாள் வாசலைப் பார்த்தாள்,
காரில் அவள் கணவர் காத்திருந்தார்.
எழுதிக்கொண்டேன்: மென்றவர் தெரியவில்லை.

வேன் உள்ளே வரச் சுவரை இடித்தோம்.
ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
மூன்று நாள் தார்ப்பாய்தான் சுவர்,
பேனாவில் மை உறைந்து
பென்சிலால் எண் போட்டேன்.
டேஷ்போர்டு அறைக்குள் கட்டாத அபராதச் சீட்டு,
பார்க்கிங், ஐந்து டாலர், எழுபத்து நாலாம் வருடம்.
மன்னித்தோம் என்று நகரசபை கடிதம் எழுதியது.
கடிதத்துக்கும் ஓர் எண் போட்டேன்.

இருநூற்றுப் பன்னிரண்டாம் எண்,
முதல் இசைத்தட்டின் உறைப்படம், மூலப் பிரதி.
எல்லோருக்கும் தெரிந்த படம்தான்:
பனியில் நாலு பேர், சிரிப்பு, மேலே எழுத்து.
பிரதியில் இடப்பக்கம் கொஞ்சம் அதிகமாயிருந்தது.
பழக்க தோஷம், கைகளை எண்ணினேன்.
ஒன்பது.

லோரேனின் தோளில் கிடந்தது அது,
மணிக்கட்டோடு முடிந்துபோய்.
மோதிர விரல் ஒரு கணு குறைவு.

அந்த விரலை எனக்குத் தெரியும்.
காலை ஐந்தரைக்குப் பனி வாரும் வண்டியோடு வரும்
தோய்வோ
என்னிடம் காபி வாங்கும் கை.
இந்தக் குளிர்காலம் முழுக்க
வாசல்வரை வழித்துத் தருவார்,
வாசலைத் தாண்டியதில்லை.

படத்தைக் காட்டினேன்.
கண்ணாடி தேடி, கிடைக்காமல்,
கையை நீட்டித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.
கை என்னுடையதுதான், என்றார்.
மற்றதை நான் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட்டேன்.
ஏன்?
வேனில் பின்சீட்டுக்கு ஹீட்டர் எட்டாது.
காபியைக் குடித்து முடித்தார்.
பெயர் போடாதே, என்றார்.

ஜினெட் சொன்னாள்: உறையில் உள்ளபடியே வெட்டு,
ரசிகர்கள் குழம்புவார்கள்.
சட்டத்துக்குள் வைக்கும் அட்டையில்
ஜன்னல் அறுப்பவள் நான்.
ஸ்கேல் என் கையில், கத்தியும் என் கையில்.
இரண்டு விரற்கடை தள்ளி அறுத்தேன்.

கீழே எழுதினேன்:
இடமிருந்து வலம், ஒரு கை, லோரேன்,
பாட்ரிஸ், கிளிஃப், ரே.
வெகுநேரம் படித்தாள்.
ரேயின் பெயரில் எழுத்துப்பிழை என்றாள்.
உண்மையில் இருந்தது. திருத்தினேன்.

திறப்பு விழா அன்று மறுபடி பனி.
வெள்ளி மினுக்குப் பூசிய கிழவிகள்,
அப்பா தோளில் குழந்தைகள்,
நானூறு பேர் வரிசை.
உள்ளே ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டு,
இனி தினமும் நான் கேட்கப்போகும் பாட்டு,
தொடங்கியபோது
வெளியே அவர் வண்டி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது,
பீப், பீப், பீப் என்று
வரிசையை விலக்கியபடி.

ஒரு கணம்
இரண்டும் ஒரே தாளத்தில் விழுந்தன.
பிறகு இல்லை.